எல்.ஐ.டி. மாடும் சிவப்பு ஐ.சி. தாத்தாவும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைச் சாலையில் கார் நகராது. வருகிறவர்களுக்குத் தேயிலைக் காட்டில் நின்று படம் எடுக்க வேண்டும், ஸ்ட்ராபெரி வாங்க வேண்டும், வேகவைத்த சோளம் தின்ன வேண்டும். பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே கம்போங் ராஜா போகிற வழியில் திரிங்காப் என்று ஒரு சின்னப் பட்டணம் வரும். அங்கே இறங்குகிறவர்கள் குறைவு. ஒரு வரிசைக் கடைகள், சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், பின்னால் பனி. என் தம்பியின் வீடு அங்கேதான். வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடுகள் நிற்கின்றன.

'தேயிலைத் தோட்டத்தில் மாடா?' என்று கோலாலம்பூர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இல்லாத தோட்டம் அந்தக் காலத்தில் அபூர்வம். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது, யார் வீட்டு மாடு முட்டும், எது வேலி தாண்டும் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இந்த மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்தது 1885இல். தேயிலை பெரிய அளவில் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ஹபு பக்கம் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் நம் ஆட்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சரிவுகளைப் பார்த்தால் படம் எடுக்கும் உற்சாகம் கொஞ்சம் குறையும்.

தாத்தா நாமக்கல் பக்கம். 1937இல் பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு ஜெர்ஜாக் தீவில் காறண்டைன் முடித்து, தாப்பா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார். மறு வருடமே, 1938இல், இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. 'கதவு சாத்துறதுக்கு முந்தி உள்ளே வந்தவன் நான்' என்பார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா, வருத்தமாகச் சொல்கிறாரா என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. ஜப்பான்காரன் காலம் முடிந்த பிறகு, மலையில் குளிர் இருந்தாலும் மலேரியா இல்லை என்று யாரோ சொல்ல, பாட்டியையும் கைக்குழந்தையாயிருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

முதல் மாட்டை வாங்கியது பாட்டி. மூக்குத்தியை அடகு வைத்து வாங்கினாராம். கொழுந்துக் கூலியில் பிள்ளைகளுக்குப் பால் வாங்க முடியாது. கடையில் கிடைத்ததும் டின் பால்தான். மாடு இருந்தால் வீட்டுக்குப் பால், கிராணி வீட்டுக்கும் ஸ்டோர் ஆட்களுக்கும் விற்கக் கொஞ்சம், காய்கறித் தோட்டக்காரருக்குச் சாணம். தோட்டத்தில் ஒரே கட்டளை: மாடு தேயிலைக்குள் இறங்கக் கூடாது. 'மாடு தேயிலையைத் தின்னாது, வாய் வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிடும். ஆனா மிதிச்சா வடிகால் உடையும், அதுக்குத்தான் தொரை திட்டுறான்' என்பார் தாத்தா. அதனால் மேய்ச்சல் கிடையாது. காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கட்டு, வேலை முடிந்து வந்து ஒரு கட்டு என்று பள்ளத்தில் இறங்கிப் புல் அறுக்க வேண்டும். மழை நாளில் புல்கட்டின் கனம் இரண்டு மடங்கு. அட்டை வேறு.

திரிங்காப் சீனத் தோட்டக்காரர்களோடு ஒரு பண்டமாற்று இருந்தது. நாங்கள் சாணம் கொடுப்போம், அவர்கள் முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கொடுப்பார்கள். மாட்டுக்கு அது விருந்து. ஆனால் அதிகமாகத் தின்றால் வயிறு ஊதிக்கொள்ளும், பாலிலும் கோஸ் வாசம் வரும். எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்த விருந்தாளி ஒருவர், 'இதில் என்ன கீரை போட்டீர்கள்?' என்று கேட்டது குடும்பத்தில் இன்றும் ஓடுகிற கதை. பிறகு காய்கறிக்கு மருந்தடிப்பு கூடியது. அப்பா இலை வாங்குவதை நிறுத்திவிட்டார். சாணம் மட்டும் தொடர்ந்து போனது, கொஞ்ச நாள் இலவசமாகவே.

இனி தலைப்புக்கு வருகிறேன். நம் நாட்டுக் கால்நடைத் துறையின் ஏடுகளில் எல்.ஐ.டி. என்று ஒரு மாட்டினம் உண்டு. விரித்தால் லோக்கல் இந்தியன் டெய்ரி, உள்ளூர் இந்தியப் பால்மாடு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த மாடுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து, இந்த மண்ணின் புல்லுக்கும் உண்ணிக்கும் மழைக்கும் பழகி உண்டான இனம். பால் கொஞ்சம்தான். எங்கள் செவலை வேளைக்கு இரண்டு லிட்டர் கொடுத்தால் பாட்டி திருஷ்டி கழிப்பார். பிறகு அரசாங்கம் சாகிவாலையும் பிரீசியனையும் கலந்து மாஃப்ரிவால் என்று பால் கூடிய இனத்தை உண்டாக்கியது. எல்.ஐ.டி. பின்னுக்குப் போனது.

கப்பலில் வந்த மாட்டின் வாரிசுக்கு 'உள்ளூர்' என்ற பட்டம் கிடைத்துவிட்டது. கப்பலில் வந்த தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட வேண்டிய காலத்தில் அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. காகிதம் தேடி முடிக்கிறபோது நேரம் தாண்டிவிட்டது. அப்பா நீல ஐ.சி., தாத்தா சிவப்பு ஐ.சி. 1991இல் அவர் இறந்தபோது அலமாரியில் எடுத்ததும் அந்தச் சிவப்பு அட்டைதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. 1969, 70இல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சிலர் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஊருக்குத் 'திரும்பினார்கள்'. தாத்தாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. எங்கள் லயத்தில் மூன்று குடும்பங்கள் கிளம்பின. பாத்திரங்களைப் பாதி விலைக்கு விற்றார்கள், கட்டிலைச் சும்மா கொடுத்தார்கள். மாட்டுக்கு மட்டும் யாரும் விலை சொல்லவில்லை. தாத்தா வீட்டு வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். 'நீ பார்த்துக்க அண்ணே' என்பது மட்டும்தான் பேச்சு. வீட்டை விட்டுப் போகிறபோது அழாத மனிதர் ஒருவர் மாட்டின் கயிற்றைக் கொடுக்கும்போது அழுதார் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

அந்த மனிதரிடமிருந்து வந்த கடிதங்களைத் தம்பி வைத்திருக்கிறான். நீல நிற ஏரோகிராம்கள். நலம், நலமறிய ஆவல் என்ற வரிக்கு அடுத்த வரி: செவலை கன்று போட்டாளா? இங்கே மழை இல்லை, பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பேச்சுப் பிடிபடவில்லை என்பதெல்லாம் அதற்குக் கீழேதான். 1983க்குப் பிறகு கடிதம் இல்லை. தம்பி வீட்டில் இப்போது நிற்கிற பெரிய மாடு அந்தச் செவலையின் வழி. எத்தனையாவது தலைமுறை என்பது தாத்தாவின் 555 புத்தகங்களில் இருக்கிறது. கடைக் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம். தாத்தா அதில் கன்று ஈன்ற தேதி மட்டும்தான் எழுதுவார். என் பிறந்த தேதியும் ஒரு கன்றின் தேதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதுவும் கன்றுக்குக் கீழே.

பக்தி எங்கள் வீட்டில் கொட்டகையில்தான் தொடங்கும். கன்று ஈன்றால் சீம்பால் வீட்டுக்கும் லயத்துக்கும். பால் தெளிந்ததும் முதல் செம்பு மாரியம்மன் கோயிலுக்கு, இரண்டாவது எல்லையில் மரத்தடியில் இருந்த முனீஸ்வரருக்கு. மூன்றாவதிலிருந்துதான் காசு. மாட்டுப் பொங்கலன்று மலையில் விறைக்கிற குளிர். மாட்டைக் குளிப்பாட்ட எண்ணெய்த் தோம்பில் வெந்நீர் காய வேண்டும், நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொள்ளலாம். கொம்புக்குப் பூச, ஸ்டோர் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயம். மாலைக்கு இங்கே விளைகிற சாமந்தி. பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது என்பதால் பாதிப் பேர் வேலை முடிந்து வந்து, இருட்டில் விளக்கு வைத்துக்கொண்டுதான் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்துவோம். நாலாவது லயத்தில் ஒரு கிறிஸ்துவக் குடும்பம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு உயிருள்ள கன்று வேண்டும் என்று எங்களிடம்தான் வருவார்கள். ஒரு வருடம் அந்தக் கன்று குடிலின் வைக்கோலைப் பாதி தின்றுவிட்டது. பாட்டி வெட்கப்பட்டார், அவர்கள் சிரித்தார்கள்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் எல்லாம் இனிப்பாக இருக்கும். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பசு கன்று போட்டால் பாதி காளைக்கன்று. மலையில் உழவு இல்லை, வண்டி இல்லை. காளையை என்ன செய்வது? மாடு வளர்த்த எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி தெரியும், யாரும் வெளியே பேசுவதில்லை. தாத்தா விற்க மாட்டார். கீழே ரப்பர்த் தோட்டங்களில் இனவிருத்திக்குக் கேட்பவர்களுக்குக் கொடுப்பார், கேட்க ஆளில்லாதபோது வைத்துத் தீனி போடுவார். நட்டம்தான். அப்பா வேறு மாதிரி. 1987இல் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் கீழேயிருந்து ஒரு வியாபாரி லாரியோடு வந்தார். இரண்டு காளைகள் போயின. எதற்குப் போகின்றன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அப்பாவை எழுப்பி, அவர் கையில் பால் செம்பைக் கொடுத்து, 'நீயே போய்க் குடுத்துட்டு வா' என்று கோயிலுக்கு அனுப்பினார். அவ்வளவுதான். அம்மா மூன்று வருடம், நான் படித்து முடிக்கிறவரை, வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார். காரணம் கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார். அப்பா செய்தது சரியென்றுதான் நான் நினைக்கிறேன். வாங்கியவர் பணத்தைக் குறைக்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. அவருக்கும் அது வழிபாடுதான். ஆனால் தாத்தாவைப் பழைய ஆள் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இருவரும் ஒரே கொட்டகையில்தான் அதற்குப் பிறகும் பால் கறந்தார்கள், ஆளுக்கொரு மாடு.

இப்போது தோட்டத்தில் கொழுந்து எடுப்பது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். இருவர் இருபக்கமும் பிடித்துக்கொள்கிற இயந்திரத்தால் எடுக்கிறார்கள். அவர்களும் பெர்மிட்டுக்காரர்கள்தான். தாத்தாவோடு உட்கார வைத்தால் பேச நிறைய இருந்திருக்கும். நாங்கள் தோட்டத்தை விட்டு திரிங்காப்புக்கு இறங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. தம்பிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. புல் அறுக்கப் பள்ளத்தில் இறங்க முடியவில்லை. அவன் மகன் சைபர்ஜெயாவில் கணினி வேலை, மாதம் ஒருமுறை வருகிறான், வந்தால் பால் கறக்கிறான், நன்றாகவே கறக்கிறான். ஆனால் மாதம் ஒருமுறை கறந்தால் போதும் என்று மாட்டிடம் சொல்ல முடியாது.

போன மாதம் குடும்பம் கூடிப் பேசினோம். ஒருவர், ஒரு பசுவையாவது கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கோயிலில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று தம்பி கேட்டான். பால்குடத்துக்கே இப்போது பெட்டிப் பால் வாங்கித்தான் ஊற்றுகிறோம். என் மகள், நாமே சம்பளம் போட்டு ஆள் வைத்தால் என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை. கடைசியில் பீடோர் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற நம் ஆள் ஒருவர் மூன்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மலைக் குளிருக்குப் பழகிய மாடு கீழே வெயிலில் எப்படி இருக்கும் என்பதுதான் அவருடைய கவலை. தம்பியின் நிபந்தனை இரண்டு. காளைக்கன்று பிறந்தால் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். 555 புத்தகமும் மாட்டோடு போகும், அவர் அதில் தொடர்ந்து எழுத வேண்டும். முதல் நிபந்தனைக்கு அவர் யோசித்துத் தலையாட்டினார். இரண்டாவதற்கு, 'எந்தப் புத்தகம்?' என்று கேட்டார். தம்பி எடுத்துக் காட்டினான். அவர் நின்றுகொண்டே வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

லாரி தைப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கு முன்னால் மாட்டுப் பொங்கல் திரிங்காப்பில் நடக்கும். தோம்பு கிடைத்துவிட்டது, விறகு கிடைத்துவிட்டது. சாயம் ஈப்போவிலிருந்து வாங்கி வரும்படி தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறோம். என்ன நிறம் என்பதில் இன்னும் சண்டை. தம்பி பச்சை என்கிறான். அவன் மனைவி, இந்த ஒரு தடவையாவது நல்ல மஞ்சள் அடியுங்கள் என்கிறார்.