பாட்டுக் கச்சேரியும் பாதிராத்திரிக் கஞ்சியும்

ராத்திரி 11 மணிக்குச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் பாங்காக்கில்! இவருக்கு அங்கே நாலு நாள் அலுவலக வேலை. பெண்ணுக்கு லீவு. "நீங்களும் வாங்களேன்" என்றார், கிளம்பிவிட்டோம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே 11 என்றால் நம் வயிற்றுக்கு ஒன்பதரைதானே? பசி வந்ததில் ஆச்சரியமில்லை.

அன்று சாயங்காலம் சீலோம் சாலையில் நம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, கால் போன போக்கில் சுற்றினோம். ஒரு சந்தில் கலர் பல்பு கட்டி, தகரக் கூரை போட்ட பெரிய கடை. உள்ளே கல்யாணக் கூட்டம். கோடியில் மேடை. கிதார், கீபோர்டு, டிரம்ஸ். ஜிகினா உடுப்பில் ஒரு பெண் 'லூக் துங்' பாடிக்கொண்டிருந்தாள். வயற்காட்டுப் பிள்ளை என்று அர்த்தமாம். பிழைப்புக்காகப் பட்டணம் வந்தவர்கள் ஊரை நினைத்து உருகுகிற பாட்டுகள். பாஷை புரியாவிட்டாலும் அந்த ஏக்கம் புரிந்தது. சாப்பிடுகிறவர்கள் நடுவிலே எழுந்துபோய், ரூபாய் நோட்டுக் குத்திய மாலையைப் பாடகி கழுத்தில் போட்டுவிட்டு வந்து மறுபடி சாப்பிடுகிறார்கள். நம் ஊர்த் திருவிழா மேடையேதான் போங்கள்!

எல்லாரும் தாளம் போட, எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வயிற்றைக் கலக்கியது. காரணம், என் பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. இந்தக் கூச்சலில் அதை யாரிடம் சொல்லி, யார் காதில் விழ?

அவளுக்கு 4 வயதில் ஒரு நவராத்திரி. கொலு பார்க்கப் போன வீட்டில் வேர்க்கடலைச் சுண்டல். ஒரு பிடிதான் தின்றாள். பத்தே நிமிஷத்தில் உதடு பணியாரமாய் வீங்கி, வாந்தி எடுத்து, இரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் தூரம் இன்றைக்கும் கனவில் வருகிறது. மூச்சு இரைக்க ஆரம்பித்தால் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக்கூடாது, அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கைக்குழந்தைக்காரிகள் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளில் 3 வயது வரை கடலையைக் கண்ணில் காட்டாதே என்றார்கள், நானும் காட்டவில்லை. 2015-ல் லண்டனில் ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவு வெளியாகி அதைத் தலைகீழாக்கிவிட்டது. ஒரு வயதுக்குள்ளேயே கொடுத்துப் பழக்கிய குழந்தைகளில் இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததாம். முழுக் கடலை தொண்டையில் சிக்கும்; நைசாய் அரைத்துக் கரைத்துத்தான் தர வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையானால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

அன்றிலிருந்து கல்யாணப் பந்தியா, ரயிலா, பிறந்தநாள் விழாவா, எங்கே போனாலும் "கடலை போட்டிருக்கா? எந்த எண்ணெய்?" என்று கேட்பது என் வேலை. செக்குக் கடலெண்ணெய்கூட ஆகாதே! இப்போது அவளுக்கு 17. ஜூனில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அங்கே கேட்க நானா இருப்பேன்?

மேஜையில் உட்கார்ந்தால் எதிரே ஐந்தாறு ஜாடிகள். சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறின காடி, மீன் சாறு, கடைசியில் பொடித்த வேர்க்கடலை! (சைவக்காரர்கள் அந்த ஊரில் 'ஜே' என்று கேட்க வேண்டும். மீன் சாறு, முட்டை, பால் எதுவும் சேர்க்க மாட்டார்கள். பூண்டு வெங்காயமும் கிடையாது.) என் கை தானாக ஜாடியை நோக்கிப் போயிற்று.

"அம்மா, சும்மா இரு. இன்னிக்கு நான் பேசறேன்."

பணிப்பெண் வந்ததும் முதலில் ஜாடியை எடுத்துப் போகச் சொன்னாள். பிறகு, தங்கியிருந்த ஓட்டலில் தாய் மொழியில் எழுதி வாங்கி வைத்திருந்த அட்டையை நீட்டினாள். எனக்கு வேர்க்கடலை ஆகாது, துளி பட்டாலும் மூச்சு நின்றுவிடும், அது பட்ட சட்டியும் கரண்டியும் ஆகாது என்று எழுதியிருந்தது. பின்பக்கம் 1669, அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பர். பணிப்பெண் பாதி படித்துவிட்டு "மை பென் ராய்" என்று சிரித்தாள். பரவாயில்லை என்று அர்த்தம். சிரிப்பை நம்பி என்ன செய்ய? நான் வாயைத் திறந்தேன். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பெண் எழுந்து நின்று, கச்சேரிக்கு மேல் கத்தினாள்: "மை ஸாய் துவா லிஸோங்!" கடலை போடாதே என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்து தொலைத்தது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானாக இருந்தால் மேஜைக்கு அடியில் போயிருப்பேன். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சமைக்கிறவங்களைக் கூப்பிடுங்க" என்று ஜாடை காட்டினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கார அம்மாள் வந்தாள். அட்டையை இரண்டு தடவை படித்தாள். பப்பாளிக்காய் இடிக்கிற உரலைக் காட்டி, கூடாது என்று தலையாட்டினாள். அதில் எல்லாருக்கும் கடலை போட்டுத்தான் இடிப்பார்கள். நிலக்கடலைச் சட்னியோடு வரும் ஸாத்தேயும் கூடாது. உள்ளே போய், தேய்த்த வாணலி ஒன்றைக் கொண்டுவந்து எங்களிடமே காட்டி, புது எண்ணெய் ஊற்றுவதாகச் சைகை செய்தாள்.

வந்தது என்ன தெரியுமா? கஞ்சி! 'காவ் தோம்' என்கிறார்கள். சீனத்திலிருந்து குடியேறினவர்கள் கொண்டுவந்த பழக்கமாம். பருக்கை பருக்கையாக நிற்கும் இளங்கஞ்சி. குழையக் காய்ச்சினால் அதற்கு 'ஜோக்' என்று வேறு பெயர். தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய முட்டை, பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு பெரிய தீயில் புரட்டிய வள்ளைக்கீரை, மொறுமொறு முட்டை அடை. எல்லாவற்றையும் நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஒரு கரண்டி ஒன்றில் பட்டு இன்னொன்றில் பட்டால் போச்சு என்று இவரும் நானும்கூடக் கடலை சேர்ந்த எதையும் வாங்கவில்லை.

அவள் முதல் வாய் போட்டாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மேடையில் அடுத்த பாட்டு ஆரம்பித்துப் பாதியும் ஆகிவிட்டது. அவள் கைப்பையைத் திறந்து ஊசி மருந்தை எனக்குக் காட்டிவிட்டு, "இப்பவாவது சாப்பிடும்மா, ஆறிப்போச்சு" என்றாள். என் கிண்ணத்தில் நான் கை வைக்கவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆறின கஞ்சிதான். ஆனால் நல்ல ருசி!

"இன்னொரு முட்டை அடை சொல்லலாமா?" என்றார் இவர். நான் திரும்புவதற்குள் அவள் அட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.