சிம்பன்சியின் வலிமை

சிம்பன்சிக்கு மனிதனைவிட 5 மடங்கு பலம் உண்டு என்னும் கூற்றினை இனியேனும் கைவிடுதல் வேண்டும். 1920-களில் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் ஜான் பாமன் என்பார் நடத்திய சோதனையில், சூஸெட் என்னும் பெண் சிம்பன்சி 1,260 ராத்தல் விசையுடன் இழுத்ததாகப் பதிவாயிற்று. சினங்கொண்ட ஒரு விலங்கின் ஓர் இழுப்பு இனம் முழுமைக்கும் அளவுகோல் ஆகுமா? 1943-இல் ஃபிஞ்ச் என்பார் முறையாக அளந்தபோது அத்தகைய எண் ஏதும் கிட்டவில்லை. 2017-இல் வெளியான ஆராய்ச்சி, சம அளவுள்ள தசைகளை ஒப்பிடின் சிம்பன்சித் தசையின் விசையும் திறனும் ஏறத்தாழ 1.35 மடங்கே எனக் கணித்தது. அதில் விரைந்து சுருங்கும் நார்கள் சுமார் 67 சதவீதம். இவ்வேறுபாட்டை மனிதனின் நலிவு என்பாரும் உளர், அது பொருந்தாது. மனிதத் தசையில் மெதுவாகச் சுருங்கி, எளிதில் களைப்புறாத நார்களே மிகுதி. நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் துணைசெய்பவை அவையே.