பூர்வீகம் எது?

அமெரிக்க ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. தம் முன்னோர் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பிள்ளைகள் வீட்டில் விசாரித்து வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். நல்ல வழக்கமே. 1892 முதல் 1954 வரை நியூயார்க்கை அடுத்த எல்லிஸ் தீவின் வழியாகக் குடியேறியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர். கப்பல் பதிவேடுகளில் அவர்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குழந்தை எங்கே தேடும்? 1850, 1860-ம் ஆண்டுகளின் ஜனத்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கென்று தனி ஏடு இருந்தது. அதில் எஜமானரின் பெயர் உண்டு. அடிமையின் வயது உண்டு. அடிமையின் பெயர் அநேகமாக இல்லை. விடுதலை பெற்ற அம்மக்கள் கணக்கெடுப்பில் பெயரோடு இடம் பெற்றது 1870-ல்தான். அப்படியிருக்க, ஆப்பிரிக்காவில் எந்த ஊர், எந்தப் பாஷை என்று அக்குழந்தை எப்படிச் சொல்லும்?

இது குழந்தையின் குறையன்று. அதன் முன்னோருக்கு இழைக்கப்பட்ட அநீதி. ஆகவே, நாட்டின் பெயரை மட்டும் ஆசிரியர்கள் கேட்க வேண்டாம். வீட்டில் வழிவழியாக வந்த கதை எது, பாட்டு எது, பலகாரம் எது என்றும் கேட்கட்டும். அதற்குப் பதிவேடு தேவையில்லை. எந்தக் குழந்தையும் வகுப்பில் தலைகுனிந்து நிற்க வேண்டியதும் இராது.