மாவு மில் மாடியில் மூன்று ராத்திரி

எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு பையன். கல்யாணம் ஆகாதவன். போனஸ், அரியர்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து, அப்பா அம்மாவை சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் கூட்டிப் போவது என்று தீர்மானித்துவிட்டான். மூன்று ராத்திரி. பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டான்:

"சார், நீங்க போயிட்டு வந்தவராச்சே. எந்த ரூம் போடலாம்? அடித்தட்டுல, பின்னாடி கோடியில ரொம்ப சீப்பா இருக்கு!"

நான் சாம்பார் சாதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இதே வழியில், இதே மாதிரி ரூமில் போய்வந்த மகானுபாவன் நான். எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். அதுவரைக்கும் என் மனைவியை நான் கூட்டிப் போன அதிகபட்ச தூரம் கொடைக்கானல். அதுவும் மழையில். கப்பல் என்றதும் மூன்று மாதம் முன்பே பெட்டி வாங்கிவிட்டாள். எதிர்வீடு, பக்கத்து வீடு, காய்கறிக்காரர் வரை தகவல் போய்விட்டது. டிக்கெட் போட்ட ஏஜென்ட் சொன்னார்: "ரூமுக்குத் தூங்கத்தானே சார் போறீங்க? அதுக்கு எதுக்கு தண்டமா காசு?"

தூங்கத்தான் போகிறோம் என்பதால்தான் ரூமைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. மிச்சமாகும் பணம்தான் உறைத்தது.

ராத்திரி பதினோரு மணிக்குக் கப்பல் வேகம் பிடித்தது. மேஜை மேல் இருந்த இரண்டு கண்ணாடி டம்ளரும் ஒன்றையொன்று தேடிப் போய் கிணுகிணு என்று பேச ஆரம்பித்தன. அலமாரிக்குள் ஹேங்கர்கள் தாளம் போட்டன. தலையணையில் காதை வைத்தால் தரை, சுவர், கட்டில் எல்லாமாகச் சேர்ந்து 'ம்ம்ம்ம்' என்றது. இருட்டில் மனைவி கேட்டாள்:

"ஏங்க... நாம மாவு மில்லு மாடிக்கா குடித்தனம் வந்திருக்கோம்?"

மூன்று ராத்திரியும் அதேதான். பினாங்கில் அவள் பார்த்தது டாக்ஸியின் முன் சீட்டு முதுகை மட்டும். அதில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு அம்மா, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது, "ரொம்ப ஜோர்! தாலாட்டுற மாதிரி இருந்துச்சு" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம்தான் கப்பல்காரர்கள் போடும் டெக் பிளான், அதாவது மாடி மாடியாக ரூம்களின் வரைபடம், அதை உட்கார்ந்து படித்தேன். (பரீட்சை முடிந்தபின் பாடம் படிப்பது என் பழைய வழக்கம்.)

விஷயம் இதுதான். கப்பலைத் தள்ளும் புரொபல்லர் பின்பக்கம், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு இறக்கையும் கப்பலின் அடிவயிற்றைக் கடக்கும்போது தண்ணீர் மூலமாக ஒரு குத்து விடும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் குத்து. போதாததற்கு இறக்கையில் அழுத்தம் குறைகிற இடத்தில் குமிழிகள் உண்டாகி, டப் டப்பென்று உடையும். இரும்புக்கு இதெல்லாம் டெலிபோன் கம்பி மாதிரி; உள்ளதை உள்ளபடி உங்கள் கட்டில் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பெரிய மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1935-ல் பிரெஞ்சுக்காரர்கள் 'நார்மண்டி' என்று ஒரு கப்பல் விட்டார்கள். முதல் பயணத்திலேயே அட்லான்டிக்கை அதிவேகமாகக் கடந்து ரெக்கார்ட். ஆனால், பின்பக்கத்து ரூம்களில் இருந்தவர்களுக்கு உலுக்கல் தாங்கவில்லை. கடைசியில் நான்கு புரொபல்லர்களிலும் மூன்று இறக்கையை எடுத்துவிட்டு நான்கு இறக்கை மாட்டித்தான் சமாளித்தார்கள். 1998-ல் 'இலேஷன்' என்ற உல்லாசக் கப்பலில் மோட்டாரையே கப்பலுக்கு வெளியே, தண்ணீருக்குள் ஒரு கூட்டில் தொங்கவிட்டார்கள். இப்போது பெரிய கப்பல்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு. உலுக்கல் ரொம்பக் குறைந்திருக்கிறது. ஆனாலும் பின்கோடி பின்கோடிதான்.

"அப்ப முன்னாடி போட்டுடலாமா சார்?" என்றான் பையன்.

அங்கேதான் அடுத்த கண்டம். முன்பக்கம் அடியில் குறுக்காக ஒரு குழாய், அதில் இன்னொரு புரொபல்லர். துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்துவதற்கு. கப்பல் பெரும்பாலும் விடியற்காலையில்தான் கரை சேரும். ஐந்து மணிக்குத் தலைமாட்டில் லாரி ரிவர்ஸ் எடுத்தால் எப்படி? அப்படி. துறையில் இடமில்லாமல் நடுக்கடலில் நிறுத்தினால் நங்கூரச் சங்கிலி இறங்கும் ஓசை வேறு. அலை இருந்தால் சீஸா பலகை மாதிரி இரண்டு கோடியும்தான் ஏறி இறங்கும். நடுவில் உட்கார்ந்தவன் பிழைத்தான். மலாக்கா ஜலசந்தியில் அலை அவ்வளவாகக் கிடையாது. ஆகவே அங்கே வாந்தியைவிட சத்தம்தான் எதிரி.

மேல்தட்டு? தலைக்கு மேல் நீச்சல்குளம். காலை ஆறு மணிக்கு நாற்காலிகளை 'கர்ர்' என்று இழுத்துப் போடுவார்கள். கீழே டிஸ்கோ இருந்தால் ராத்திரி இரண்டு மணி வரை உங்கள் முதுகுதான் டிரம். லிஃப்ட்டுக்குப் பக்கம், ஊழியர்கள் வண்டி தள்ளும் கதவுக்கு எதிர், அடுத்த ரூமுக்கு நடுக்கதவு வைத்த ரூம் - எல்லாம் வம்பு. (நடுக்கதவு வழியாக அடுத்தவர் குடும்பச் சண்டை தெளிவாகக் கேட்கும். சிலர் இதை வசதியாகக் கருதலாம்.) வரைபடத்தில் பெயரே போடாமல் வெள்ளையாக விட்டிருக்கும் கட்டத்தை நம்பாதீர்கள். சமையல் கட்டோ, மிஷின் ரூமோ இருக்கும். "ரூம் நம்பரை நாங்களே கடைசியில் சொல்லுவோம்" என்று மலிவாக விற்பார்கள். தூக்கம் பெரிதென்றால் அதைத் தொடாதீர்கள்.

ரூம் தேடும் வியாதி பழசுதான். வெள்ளைக்காரத் துரைகள் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும்போது இடதுபக்கமும், திரும்பும்போது வலதுபக்கமும் வெயில் படாத ரூமாகக் கேட்பார்களாம். அதன் முதலெழுத்துக்கள் சேர்ந்துதான் 'பாஷ்' என்ற இங்கிலீஷ் வார்த்தை பிறந்தது என்று ஒரு கதை. அகராதிக்காரர்கள் ஆதாரமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். 1926-ல் கட்டிய 'ரஜூலா'வில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கவலையே இல்லை. ரூம் இருந்தால்தானே? டெக்கில் பாய் விரித்தார்கள்.

கடைசியில் நானும் பையனும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் டெக் பிளானில் ஸ்கேல் வைத்துப் பார்த்து ஓர் இடம் பிடித்தோம். நீளத்தில் நடு, உயரத்திலும் நடு. மேலேயும் ரூம், கீழேயும் ரூம், எதிரிலும் ரூம். லிஃப்ட்டிலிருந்து ஏழெட்டு கதவு தள்ளி. ஜன்னல் கிடையாது. அதனால் விலையும் கைக்கு அடக்கம். "ஜன்னல் இல்லாட்டி அம்மாவுக்கு..." என்று இழுத்தான். "கடலைப் பார்க்க மாடிக்குப் போகலாம். தூக்கத்தைத் தேடி எங்கே போவே?" என்றேன். கட்டிவிட்டான்.

போன வாரம் பினாங்கிலிருந்து போன்.

"சூப்பர் சார். சத்தமே இல்ல. அம்மா படுத்ததும் தூங்கிட்டாங்க."

"அப்பா?"

கொஞ்சம் தயங்கினான். அப்பா ரிட்டயர்டு ரயில்வே. முப்பத்தோரு வருஷம் ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸில், ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி ஓட ஓடத் தூங்கியவர்.

"'இவ்ளோ அமைதியில மனுஷன் எப்படிடா தூங்குறது'ன்னு ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போயிட்டார் சார். கப்பல் பூரா தேடினோம். அடித்தட்டுல, பின்னாடி கோடியில ஒரு சோபா... குறட்டை விட்டுட்டிருந்தார்."