வெறும் கையெழுத்து தானா?

நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் உறுப்பினராகச் சேர்த்திருந்தனர். கூட்டம் என்று கூப்பிட்டு, டீ, பிஸ்கெட் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கி, 'நீங்க கிளம்பலாம்மா...' என்பர். நானும், அடுப்பு வேலை கிடக்கிறதே என்று ஓடி வந்து விடுவேன்.

ஒருநாள், 'அடிவயிறு வலிக்குது...' என அழுதாள் மகள். டாக்டர் துருவிக் கேட்டதும்தான், பள்ளியில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது தெரிந்தது. காரணம், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாதாம்! 'குறை ஏதுமில்லை' என்று எழுதிய நோட்டில் கையெழுத்துப் போட்டவளாச்சே நான்... வெட்கமாகி விட்டது.

அடுத்த கூட்டத்தில், கை நடுங்க எழுந்து சொன்னேன். புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியை முகம் சுளிப்பார் என்று நினைத்தால், 'ஒரு பிள்ளை கூட எங்ககிட்ட சொல்லலைன்னா, தப்பு எங்க மேலதாம்மா...' என்றார். மறுநாளே தாழ்ப்பாள் வந்தது.

2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, இக்குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கணுமாம். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நாளைக்குத் தலைமை ஆசிரியராகப் போகும் டீச்சர்களே... முதல் கூட்டத்தில், நோட்டை மூடி வைத்து விட்டு, எங்களைப் பேச விடுங்கள். அப்படியே, கூட்டத்தைச் சாயங்காலமாக வையுங்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாக்களும் வருவாங்க!

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.