தேங்காய் நின்னுச்சு, மிஷின் காட்டுச்சு... கணக்கு எங்கேய்யா?

எங்க பேரிகைப் பக்கம் போர் போடுறதுன்னா கல்யாணத்துக்கு அடுத்த செலவு. தக்காளி, கோஸ், ரோஜான்னு எதை வச்சாலும் தண்ணி தரைக்கு அடியில இருந்துதான் வரணும். எல்லை தாண்டி மாலூர், கோலார் போனா ஆயிரம் அடின்னு சொன்னா சிரிப்பாங்க, அவ்வளவு ஆழம் போயிட்டாங்க. நாமும் அந்த வழியிலதான் போய்க்கிட்டிருக்கோம்.

ரிக் வண்டி வர்றதுக்கு முந்தி ஒரு பஞ்சாயத்து நடக்கும் பாருங்க, பாயிண்ட் யார் பார்க்கிறதுன்னு. ஒரு பக்கம் தேங்காய்க் கட்சி. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வச்சு நடப்பார், நீரோட்டம் இருக்கிற இடத்துல அது எழுந்து நிக்கும். எதிர்ப்பக்கம் மிஷின் கட்சி. நாலு கம்பியை நட்டு, மண்ணுக்குள்ள கரண்ட் விட்டு, மின்தடையை அளந்து, பேப்பர்ல கோடு போட்டுத் தருவாங்க. இவங்க அவங்களை மூடநம்பிக்கைன்னு திட்டுவாங்க. அவங்க இவங்களை ஏட்டுச் சுரைக்காய்ம்பாங்க. ரெண்டு பேருக்கும் காசு கொடுக்கிற விவசாயி நடுவுல நிப்பார்.

முதல்ல தேங்காய்க் கட்சிக்கு. 'நீரோட்டம்'னு ஒரு வார்த்தை சொல்றீங்களே, நம்ம ஊருக்கு அடியில ஆறு எதுவும் ஓடலை சாமி. இருக்கிறது நைஸ், கிரானைட்னு சுமார் 250 கோடி வருஷப் பழைய பாறை. மேலே கொஞ்சம் மக்கின பாறை, அதுக்குக் கீழே பாறையில விழுந்த வெடிப்புகள். தண்ணி நிக்கிறது அந்த வெடிப்புக்குள்ளதான். வெடிப்பு சிக்கினா தண்ணி, இல்லைன்னா வெறும் புகை. தஞ்சாவூர் டெல்டா மாதிரி மணல் பூமியில கண்ணை மூடிக்கிட்டு எங்க குத்தினாலும் ஏதாவது தண்ணி வரும், அங்க தேங்காய் தோக்கவே தோக்காது. அந்தப் பெருமையைப் பாறை பூமிக்குத் தூக்கிட்டு வந்தா எப்படி?

'வராகமிகிரரே சொல்லியிருக்கார்'னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். சொல்லியிருக்கார், மறுக்கலை. ஆறாம் நூற்றாண்டு பிருகத் சம்ஹிதையில எந்த மரத்துக்குப் பக்கத்துல, எந்தப் புத்துக்குப் பக்கத்துல தண்ணி கிடைக்கும்னு ஒரு அத்தியாயமே இருக்கு. அருமையான கவனிப்பு. ஆனா அவர் ஆழத்தை ஆள் உயரக் கணக்குல சொல்றார். அது கிணறு வெட்டுற காலத்து அறிவு. நாவல் மரத்து வேருக்கு எண்ணூறு அடியில இருக்கிற வெடிப்பு எப்படித் தெரியும்? கிணத்துக்குச் சொன்னதைப் போருக்கு விக்கிறது முன்னோரை மதிக்கிறதா?

ஜெர்மனிக்காரனே நிரூபிச்சுட்டான்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. 1987-88ல மியூனிக் பக்கம் ஒரு கொட்டகையில சோதனை வச்சாங்க. கீழ்த்தளத்துல தண்ணி ஓடுற குழாயை நகர்த்தி நகர்த்தி வைப்பாங்க, மாடியில நிக்கிறவர் அது எங்க இருக்குன்னு சொல்லணும். தேர்ந்தெடுத்த 43 பேர், 843 சோதனை. நடத்தினவங்க ஒருசிலருக்கு அந்தத் திறமை இருக்குன்னாங்க. 1999ல என்ரைட்ங்கிறவர் அதே எண்களை எடுத்துப் பார்த்து, எல்லாம் குருட்டாம்போக்குதான்னு காட்டினார். இலங்கையில 691 கிணறு, 96 சதவீதம் வெற்றின்னு ஒரு கணக்கும் சுத்துது. அதே நிலத்துல குச்சி இல்லாம சும்மா குத்தியிருந்தா எத்தனை தேறியிருக்கும்? அந்த ஒப்பீடு இல்லாம 96ஐ வச்சு என்ன பண்றது?

மிஷின் கட்சி கைதட்ட வேண்டாம், அடுத்து நீங்கதான் :-)

உங்க மின்தடைக் கோட்டுல ஈரமான களிமண்ணும் தண்ணியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். ஆழம் போகப் போக பார்வை மங்கும். நூறு அடிக்குள்ள மக்கின பாறை எவ்வளவு தடிமன்னு சொல்ல அது நல்ல கருவி. எழுநூறு அடியில விரல்கடை அகல வெடிப்பு இருக்கான்னு அதுக்குத் தெரியாது. இது உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா விவசாயிகிட்ட மட்டும் '650 அடியில ரெண்டு இஞ்ச் வரும்'னு பேப்பர்ல எழுதித் தர்றீங்க. தேங்காய்க்காரர் அருள்வாக்கு சொல்றார், நீங்க அதையே கிராஃப் தாள்ல சொல்றீங்க. அதுக்கப்புறம் மூடநம்பிக்கைன்னு கிண்டல் வேற.

தோத்துட்டா ரெண்டு பேர் பேச்சும் ஒண்ணுதான்: 'இன்னும் ஐம்பது அடி போயிருந்தா விழுந்திருக்கும்.' ஆழம் கூடக் கூட அடிக்கு ரேட்டும் ஏறும். அந்த ஐம்பது அடி யார் வீட்டு நகை?

எனக்குக் கோபம் இதுலதான். தண்ணி வந்த போர் ஊருக்கே தெரியும், மாலை போட்டுப் பூஜை நடக்கும், பாயிண்ட் பார்த்தவர் போன் நம்பர் பத்து ஊருக்குப் போகும். புகை விட்ட போருக்கு மேல ஒரு கல்லை வச்சுட்டு அப்படியே மறந்துடுவோம். சில சமயம் கல்லும் வைக்கிறதில்லை. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் குழந்தை விழுந்தது கைவிட்ட போர்லதான். நாலு நாள் தமிழ்நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோம்.

நிலத்தைப் பத்தின நிஜமான அறிவு ரிக் ஓட்டுற பையன்கிட்ட இருக்கு. எத்தனை அடியில பாறை தட்டுச்சு, கேசிங் எவ்வளவு இறங்குச்சு, எந்த அடியில தூள் நிறம் மாறிச்சு, எங்க ஈரம் வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியும். கருங்கல் சுவர் மாதிரி நிக்கிற டோலரைட் எங்க குறுக்கே போகுதுன்னுகூட சொல்லுவான். அது ஒரு பக்கம் தண்ணியைத் தடுத்து நிறுத்தும், மறுபக்கம் காய்ஞ்சு கிடக்கும். நூறு தோத்த போரோட விவரம் இருந்தா படிச்ச ஜியாலஜிஸ்ட் இந்த ஊருக்கே படம் போட்டுடலாம். ஆனா அந்தப் பையனை ரெண்டு கட்சியும் ஆளா மதிக்கிறதில்லை. அவன் சொல்றது விடியறதுக்குள்ள அடுத்த ஊருக்கு வண்டியோட போயிடுது.

சூளகிரி, பேரிகை, பாகலூர், ஓசூர் பக்கத்து மக்களே, உங்க வீட்டுல, தோட்டத்துல தோத்த போர் இருந்தா எழுதுங்க. எந்த வருஷம், மொத்தம் எத்தனை அடி, கேசிங் எவ்வளவு, ஈரம் வந்த ஆழம், பாயிண்ட் பார்த்தது தேங்காயா மிஷினா. பேர் வேண்டாம், சர்வே நம்பர் வேண்டாம். வாய் மூடாத போரா இருந்தா, எழுதுறதுக்கு முந்தி முதல்ல போய் மூடிட்டு வாங்க.