எந்த ரம்ளர் கனகாலம் உழைக்கும்?

"பிள்ளையள், நல்லதொரு ரம்ளர் வாங்க வேணும். தண்ணி ஊத்திற வகை. கனகாலம் உழைக்கிறதாப் பாத்துச் சொல்லுங்கோ."

எங்கட குழுவில் ஒருத்தியின் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. அவர் டெக்சாஸில் இருக்கிறார். நாங்கள் படம், புத்தகம், ஹெட்போன் என்று எல்லாத்துக்கும் விமர்சனம் எழுதுகிற ஆட்கள் என்பதால் எங்களிடம் கேட்டிருக்கிறார். தண்ணீர் குடிக்கிற ரம்ளர் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒருத்தன் இரண்டு ஸ்ரீல் போத்தல்களின் லிங்கை அனுப்பியும் விட்டான். பிறகு சித்தப்பா ஒரு படம் அனுப்பினார். ஒரு வாளி நிறைய, கரி படிந்த வெற்று ரவைக்கோதுகள். அதுகளைப் போட்டுச் சுழற்றிக் கழுவுகிற மெசினைத்தான் அங்கே ரம்ளர் என்கிறார்கள்.

ஐந்து நிமிஷம் குழுவில் ஒருத்தரும் பேசவில்லை. அதன்பிறகு சண்டை. "இதைப் பற்றி நாங்கள் ஏன் எழுத வேணும்? எங்களுக்கு ரவைக்கோது என்றால் தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் தட்டுப்படுகிற சாமான். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு" என்றாள் கிளிநொச்சித் தோழி ஒருத்தி. "அவர் கேட்டது மெசினைப் பற்றி. தெரிந்ததைச் சொல்லுவம்" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துவக்கைப் பற்றிய எங்கட கருத்து வேறு. அது இந்தக் கட்டுரையால் மாறப் போவதில்லை. ஆனால் கேள்வியைத் தேடிப் போகப் போக, அது எங்களையும் தொடுகிற கேள்வி என்று விளங்கியது. அதனால் எழுதுகிறோம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் பொறியை உண்டாக்கும் சிறிய பிறைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் சன்னம். சுட்ட பிறகு மற்ற மூன்றும் முடிந்துவிடும். கோது மட்டும் மிஞ்சும். அதுதான் விலை கூடிய பகுதியும். ஏறக்குறைய 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளை அது; கவனமாகப் பாவித்தால் பல தடவை திரும்ப நிரப்பலாம். அமெரிக்காவில் தன் சொந்தப் பாவனைக்கு நிரப்புகிறவருக்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்பதற்கென்றால்தான் தேவை. 2020, 2021 இல் அங்கே கடைகளில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பழக்கத்துக்குப் புதிதாகப் பலர் வந்தார்கள். இலங்கையில் துவக்கு வைத்திருக்கவே அனுமதிப்பத்திரம் வேணும். ஆகவே இது இங்கே செய்து பார்க்கிற வேலை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நிரப்புவதற்கு முன் கோதைக் கழுவ வேணும். கரியும் மணலும் ஒட்டியிருந்தால் கோதைத் திரும்ப வடிவுக்குக் கொண்டுவருகிற அச்சு கீறுப்படும். கோதில் வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பழைய முறை, அரைத்த சோளக்கதிர்த் தண்டு அல்லது வோல்நட் ஓட்டுத் துகளில் போட்டு அதிரவிடுவது. அதில் தண்ணீர் இல்லை, தூசு கூட. இப்போது பிரபலமான ஈர முறையில் உருளை ஒன்றில் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, ஒரு சிட்டிகை சித்திரிக் அமிலம், குட்டி ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஊசிகள் எல்லாவற்றையும் கோதோடு போட்டு ஒன்று தொடக்கம் மூன்று மணித்தியாலம் சுழற்றுவார்கள். கோது உள்ளும் புறமும் புதுசு போல வரும்.

இனி எங்கட கருத்து. நீடித்து உழைக்கிற மெசின் என்பது உடையாத மெசின் அல்ல; உடைந்த பகுதியை வாங்கிப் போடக்கூடிய மெசின்.

எங்களில் ஒருத்தரும் இந்த மெசினைக் கையால் தொட்டதில்லை. அதனால் எங்கட ஊரில் வோஷிங் மெசின் திருத்துகிற அண்ணை ஒருவரிடம் நாலைந்து மெசின்களின் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பெயரும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. "மேல்பக்கத்தை ஏன் தம்பி காட்டுறாய், அடியைக் காட்டு" என்றார். விளம்பரப் படம் எதிலும் அடிப்பக்கம் இல்லை. பிரித்துத் திருத்துகிறவர்களின் யூடியூப் காணொளிகளில்தான் அது கிடைத்தது. அவர் சொன்னதையும் நாங்கள் வாசித்ததையும் சேர்த்துத் தருகிறோம்.

முதலில் பாரம். 7 லீற்றர் உருளை ஒன்றை எடுங்கள். அதில் 4 லீற்றர் தண்ணீர் விட்டால் 4 கிலோ. ஊசி வழக்கமாக 5 இறாத்தல், அதாவது 2.3 கிலோ. .223 ரகக் கோது ஒன்று ஏறக்குறைய 6 கிராம். 500 கோது 3 கிலோ. கூட்டிப் பார்த்தால் 9 கிலோவுக்கு மேல், உருளையின் சொந்த எடை வேறு. இவ்வளவும் இரண்டு மெல்லிய தண்டுகளின் மேல் மூன்று மணித்தியாலம் உருள்கிறது. பெட்டியில் போட்டிருக்கிற கோது எண்ணிக்கை அதன் உச்ச அளவு. தினமும் உச்சத்தில் ஓடுகிற எதுவும் கெதியில் தேயும். தேவைக்கு மேல் ஒரு அளவு பெரிதாக வாங்கி, கொஞ்சம் குறைவாக நிரப்பி ஓட்டுவது புத்தி.

இரண்டாவது, அந்தத் தண்டுகள் எதில் சுழல்கின்றன என்பது. சில மெசின்களில் வெறும் பிளாஸ்ரிக் வளையம், சிலதில் எண்ணெய் விட வேண்டிய உலோக வளையம், சிலதில் மூடிய குண்டுப் பெயாரிங். எண்ணெய் விட வேண்டியதற்கு எண்ணெய் விட்டால் அது கனகாலம் போகும். நாங்கள் விடமாட்டோம் என்பதுதான் பிரச்சினை. பொதுவான அளவுப் பெயாரிங் என்றால் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் மாற்று வாங்கலாம். பெல்ட்டும் அப்படித்தான். பெல்ட் அறுவது பழுதே இல்லை, அது அறுவதற்கென்றே இருக்கிற சாமான். உதிரி பெல்ட் கிடைக்காத மெசின்தான் பழுதான மெசின்.

மூன்றாவது, தண்ணீர் கசிந்தால் எங்கே போகும்? மூடியின் றப்பர் வளையம் ஒருநாள் கசியத்தான் செய்யும். மோட்டர் நேர் கீழே இருந்தால் அன்றைக்கே அது முடியும். மோட்டர் ஒதுக்கமாக, காற்றுப் போக இடம் விட்டு, சூடு ஏறினால் தானே நிற்கிற வசதியோடு இருக்க வேணும்.

நான்காவது, உருளை. இங்கே இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. தம்லர்ஸ் ரம்ளர் மொடல் பி கல் மினுக்குகிறவர்களும் பாவிக்கிற மெசின். அறுகோண இரும்பு உருளை, உள்ளே தடித்த றப்பர். 15 இறாத்தல்தான் கொள்ளும். ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனலின் பிளாட்டினம் ரகம் 7 லீற்றர் பிளாஸ்ரிக் உருளை. உள்ளே நடப்பது தெரிகிற மூடி, நேரம் வைக்கிற வசதி எல்லாம் உண்டு. மாதம் ஒருமுறை கொஞ்சமாகக் கழுவுகிறவருக்கு முதலாவது வகை, வாளிக்கணக்கில் கழுவுகிறவருக்கு இரண்டாவது வகை என்பது எங்கட எண்ணம். எதுவானாலும் உள்ளே றப்பர் பூச்சு இருப்பது நல்லது. சத்தம் குறையும், உருளையும் தேயாது.

மெசின் மட்டும் நீடித்தால் போதாது, கோதும் நீடிக்க வேணும். இந்தப் பித்தளை வித்தை எங்களுக்குப் புதிதல்ல. குத்துவிளக்கையும் மூக்குப்பேணியையும் அம்மம்மா பழப்புளி போட்டு மினுக்கும்போது நடப்பதும் இதுதான், அமிலம் கறையைக் கரைக்கிறது. ஆனால் அம்மம்மா புளியை இரவு முழுக்க ஊறவிடமாட்டா. சித்திரிக் அமிலம் கூடினாலோ நேரம் கூடினாலோ மேற்பரப்பில் இருந்து நாகம் கழன்று செம்பு மிஞ்சும். கோது இளஞ்சிவப்பாக வரும். நேரம் கூடினால் கோதின் வாய் விளிம்பும் ஒன்றோடொன்று மோதி நசியும். அமோனியா கலந்த மினுக்கியைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்களின் கோதுகள் தானாக வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரில் இருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

அதனால் சித்தப்பாவுக்கு எங்கட ஆலோசனை: கண்ணாடி போல மின்ன வேணும் என்று ஆசைப்படாதீங்கோ. வெடிப்புத் தெரிகிற அளவுக்கு, அச்சைக் கீறாத அளவுக்குச் சுத்தமானால் காணும். பல பேர் ஊசியே இல்லாமல் சோப்பும் துளி அமிலமும் மட்டும் போட்டுச் சுழற்றுகிறார்கள். உட்பக்கம் அவ்வளவு பளிச்சென்று வராது. ஆனால் பாரம் குறையும், மெசின் ஆயுள் கூடும், கோதுக்குள் ஊசி சிக்கிக் கிடக்குமோ என்ற பயமும் இல்லை. ஊசி பாவித்தால் ஒவ்வொரு கோதையும் கையில் எடுத்துப் பார்க்கத்தான் வேணும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் எல்லா ரகத்தையும் காந்தம் பிடிக்காது.

இனிமேல்தான் எங்களை அமைதியாக்கிய விஷயம். வழமையான பிறைமரில் ஈயச் சேர்வை ஒன்று இருக்கிறது. சுட்ட பிறகு அதன் எச்சம் கோதுக்குள் கரியோடு கரியாக ஒட்டியிருக்கும். உலர் முறையில் அது தூசாகப் பறந்து மூக்குக்குள் போகிறது. ஈர முறை நல்லது என்பதற்கு உண்மையான காரணம் பளபளப்பு அல்ல, இதுதான்: ஈயம் தண்ணீரோடு நின்றுவிடும். ஆனால் நின்ற ஈயம் மறைந்துவிடவில்லை. அந்தக் கறுத்தத் தண்ணீரில் இருக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு பிள்ளைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவையே அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021 இல் இருந்து எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிற நஞ்சு.

சித்தப்பாவிடம் கேட்டோம், "தண்ணியை எங்க ஊத்திறனீங்கள்?" "குசினி சிங்கிலதான்" என்றார். கோதைக் காயவைப்பது பழம் காயவைக்கிற அதே மெசினில். வீட்டில் நாலு வயதுப் பேத்தி இருக்கிறாள்.

இதைக் கேட்டபோதுதான் அந்தக் கிளிநொச்சித் தோழி திரும்ப வாய் திறந்தாள். "நாங்கள் சின்னனில அதுகளைப் பொறுக்கி வாயில வைச்சு விசில் ஊதினனாங்கள்." எங்களில் இன்னும் மூன்று பேர் ஊதியிருக்கிறார்கள். கீழ் உதட்டில் வைத்து மெல்ல ஊதினால் நல்ல சத்தம் வரும். யாரிடம் பெரிய கோது இருக்கிறது என்று போட்டி. வெடிக்கும் என்று பெரியாட்கள் பேசினார்கள். அதில் நஞ்சு இருக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை; அவர்களுக்கும் தெரிந்திருக்காது. டெக்சாஸில் ஒரு பிள்ளைக்கும் வன்னியில் ஒரு பிள்ளைக்கும் அந்தக் கோது செய்யக்கூடியது ஒன்றுதான் என்பது, எங்கட சண்டையில் இரண்டு பக்கமும் யோசிக்காத விஷயம்.

ஆகவே எங்கட தெரிவு இதுதான். உதிரிப்பாகம் தனித்தனியாக விற்கிற, அடிப்பக்கம் திருகாணியால் திறக்கக்கூடிய, றப்பர் பூசிய உருளையும் ஒதுங்கிய மோட்டரும் உள்ள மெசின். வாங்கும்போதே ஒரு பெல்ட்டும் ஒரு மூடி வளையமும் சேர்த்து வாங்குங்கள். அதே பட்டியலில் கையுறை, தனி வாளி, கோது காயவைக்கத் தனித் தட்டு மூன்றையும் எழுதுங்கள். மெசின் கராஜில் இருக்கட்டும். கழிவுத் தண்ணீரைச் சேர்த்து, உங்கள் கவுண்டியின் நச்சுக்கழிவு சேகரிப்பிடத்தில் விசாரித்துக் கொடுங்கள். இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அது மெசினின் உண்மையான விலை. அதைக் கொடுக்க மனமில்லாதவர் எந்த மெசினையும் வாங்காமல் விடுவது நல்லது.

இதை வாசிக்கிற வடக்கு கிழக்குத் தம்பி தங்கச்சிகளுக்கு: காணி துப்புரவாக்கும்போது இப்படி ஏதும் கண்டால் எடுக்காதீங்கோ, கழுவாதீங்கோ, பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீங்கோ. வெற்றுக் கோதா, வெடிக்காத ஒன்றா என்று தூர நின்று உங்களால் சொல்ல முடியாது. இடத்தை அடையாளம் வைத்துவிட்டு பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிற குழுவுக்கோ அறிவியுங்கள்.

சித்தப்பா இன்னும் மெசின் வாங்கவில்லை. போன கிழமை ஒரு படம் அனுப்பினார். கராஜ் மூலையில் ஒரு மேசை, அதன் மேல் புதுச் சிவப்பு வாளி. கீழே எழுதியிருந்தார்: "முதல்ல இதை வாங்கிட்டன். பேத்திக்கு இரத்தம் சோதிக்கக் குடுத்திருக்கு."